முக்கால் ரொட்டியும் ஆறாவது பங்கும்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் ஷாயிர்குல் அக்கா. கொரோனா வந்ததற்கு அடுத்த வருஷம், நோன்பு பதினேழோ பதினெட்டோ இருக்கும். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. நான் மாவைத் தட்டிப் போட, அவள் எண்ணெய்ச் சட்டியில் பொரித்து எடுத்துக்கொண்டே சொன்னாள். ஷாயிர்குல் பொய் சொல்கிறவள் இல்லை. அதிலும் நோன்பு வாயோடு சொன்னாள். பாதி அவளே கண்ணால் பார்த்தது, மீதி கனிஷாய் டீச்சர் அவளிடம் சொல்லி அழுததும் சிரித்ததும். என் பங்குக்கு நான் கொஞ்சம் உப்பு மட்டும் சேர்த்திருக்கிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

கொரோனா வந்த அந்த வசந்தத்தில் எங்கள் கோக்புலாக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தையும் பூட்டினார்கள். ஒரு வாரம் கழித்து மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. போனில் பாடம் நடத்தச் சொல்லும் உத்தரவு அது. ஆனால் அது போனில் வரவில்லை. காகிதத்தில், வட்ட முத்திரையோடு, காரில் வந்தது.

"மாணவச் செல்வங்கள் தத்தம் இல்லங்களில் இருந்தவாறே கல்வி பெறும் பொருட்டு, ஒவ்வோர் ஆசிரியரும் தமது பாடத்தை ஒளிப்பதிவு செய்து, ஒப்புதல் குழுவின் முன் வைத்து, அக்குழு குறை ஏதும் இல்லை எனக் கண்ட பின்னரே மாணவர்களுக்கு அனுப்புதல் வேண்டும்."

தலைமையாசிரியர் கெங்கேஷ் அதை மூன்று தடவை படித்தார். நல்ல மனிதர். உத்தரவு என்றால் எழுந்து நின்று படிப்பவர். பிறகு கடைக் கதவில் ஒட்டினார். எங்கள் ஊரில் எல்லா உத்தரவும் கடைக் கதவில்தான் ஒட்டப்படும், ஏனென்றால் சர்க்கரை வாங்க எல்லோரும் அங்கே வந்தாக வேண்டும்.

கனிஷாய் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். அந்த வருஷம் அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாடம், பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது. எந்த ஊரிலும் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் அது. அவள் வகுப்பில் ஊல்ஜான் என்று ஒரு பெண். துறுதுறுவென்று இருக்கும். அவள் அப்பா சாத்தார், மற்றவர்களின் ஆடுகளைக் கோடை முழுக்க மலை மேய்ச்சலில் வைத்துப் பார்க்கிறவர். பெருநாள் முடிந்த மறுநாள் குடும்பத்தோடு மேலே போய்விடுவார்.

அவர் கனிஷாயிடம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்: "டீச்சர், உங்ககிட்ட ஒளிக்க என்ன இருக்கு. என் முழங்கால் போயிடுச்சு. பால் கறக்க, குட்டிகளைப் பார்க்க ஆள் இல்ல. இந்தப் பொண்ணு வருஷக் கடைசிக் கணக்குப் பரீட்சையில தேறினா, செப்டம்பர்ல கீழ அனுப்புறேன். தேறலேன்னா படிப்பு அவளுக்கு வரலேன்னு வச்சிக்குவோம். மேலேயே இருக்கட்டும்."

"தேறிடுவா அண்ணே."

"பள்ளிக்கூடமே பூட்டிக் கிடக்கு. எப்படித் தேறுவா?"

"வீடியோ எடுத்து அனுப்புவேன்" என்றாள் கனிஷாய். பெருநாளுக்கு அப்போது முழுசாக நாலு வாரம் இருந்தது. நாலு வாரத்தில் ஒரு பாடம் ஒரு வேலியைத் தாண்டிவிடாதா என்று அவள் நினைத்தாள்.

கனிஷாயிடம் இருந்தது பட்டன் போன். படம் எடுக்கிற போன் ஷாயிர்குல்லிடம்தான். அதுவும் தரை துடைக்கிற வாளிக்குள் ஒரு தடவை விழுந்து எழுந்தது. அன்றிலிருந்து அந்தப் போனுக்கு மேல் எது, கீழ் எது என்று சரியாகத் தெரியாது. இருந்தாலும் படம் எடுக்கும்.

கனிஷாயின் சமையலறையில்தான் எடுத்தார்கள். அன்று காலையில் சுட்ட வட்ட ரொட்டி ஒன்றை வெள்ளைத் துணி விரித்து வைத்தாள் கனிஷாய். ஷாயிர்குல் ஸ்டூல் மேல் ஏறி நின்று, போனைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்தாள்.

"பிள்ளைகளே, இது முழு ரொட்டி. கால் பங்கைப் பிய்த்து எடுத்துவிட்டால் முக்கால். ஆளுக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு கொடுத்தால், இந்த முக்கால் ரொட்டி எத்தனை பேருக்கு வரும்?" என்று கேட்டு, கையால் பிய்த்துப் பிய்த்து வரிசையாக வைத்தாள். "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. முக்காலை அரைக்காலால் வகுத்தால் ஆறு. பயப்பட ஒன்றும் இல்லை. வகுப்பது என்றால், இதில் அது எத்தனை இருக்கிறது என்று கேட்பதுதான்."

ஏழு நிமிஷம். ஷாயிர்குல் பள்ளியில் எட்டாவதோடு நின்றவள். "கனிஷாய் பொண்ணு, எனக்கே புரிஞ்சிடுச்சு!" என்று ஸ்டூலிலிருந்து கீழே விழப் பார்த்தாள்.

படத்தை ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் தலைகீழாக இருந்தது. சரி, யாராவது கம்ப்யூட்டரில் நேராக்கிக் கொடுப்பார்கள் என்று மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். அனுப்புவது என்றால் சும்மா இல்லை. எங்கள் ஊரில் போனுக்கு உயிர் வருகிற இடம் ஒன்றே ஒன்று, கெங்கேஷ் ஐயாவின் தொழுவத்துக்கு மேலே அடுக்கியிருக்கும் காய்ந்த புல்போர். உச்சியில் நின்றால் மூன்று கோடு வரும். வசந்தத்தில் மாடுகள் தின்னத் தின்னப் போர் இறங்கும், கோடும் இறங்கும். அன்று ஒரு கோடுதான் இருந்தது. ஷாயிர்குல் போர் மேல் நின்று கையை உயர்த்திப் பிடித்து ஒன்றரை மணி நேரம் நின்றாள். கீழே கெங்கேஷ் ஐயா மாட்டுக்குப் புல் பிடுங்க வந்தவர், "இன்னிக்கு மாடு பட்டினி கிடக்கட்டும், கல்வி போய்ச் சேரட்டும்" என்று திரும்பிப் போனார்.

பத்து நாள் பதில் இல்லை. பதினோராம் நாள் கனிஷாயை நேரில் வரச் சொல்லி ஆள் வந்தது. வீட்டிலேயே இருந்து படிக்கும் பாடத்தைப் பற்றிப் பேச, வீட்டை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு சோதனைச் சாவடி தாண்டி அவள் மாவட்டத்துக்குப் போனாள்.

ஒப்புதல் குழுவில் மூன்று பேர். முறையியல் அதிகாரி இஸ்மானாலி, முப்பது வருஷமாகப் பாடம் எப்படி நடத்த வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லி வருபவர், ஒரு பாடமும் நடத்தியதில்லை. ஊர்ப் பெரியவர்கள் சார்பில் வெள்ளைத் தாடி நுராலி, மரபு கெடாமல் பார்ப்பதற்கு. மூன்றாவது பெர்மெத் என்ற இளம்பெண். தலைநகரில் ஆறு மாதப் பயிற்சி முடித்து வந்தவள், நவீனம் கெடாமல் பார்ப்பதற்கு.

"உட்காருங்க" என்றார் இஸ்மானாலி. "இல்ல, உட்காராதீங்க. நாற்காலிக்கு இன்னும் மருந்து அடிக்கல."

கனிஷாய் நின்றாள். வீடியோ ஓடியது. முழு ரொட்டி தெரிந்த உடனே நுராலி பெரியவர் எழுந்துவிட்டார்.

"அல்லாஹ் காப்பாத்து! ரொட்டி கவுந்து கிடக்கு!"

எங்கள் பக்கத்தில் ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது பெரிய பாவம், அது உண்மை. நானே பேரப் பிள்ளைகளைக் கையில் தட்டியிருக்கிறேன். ஆனால் கனிஷாய் சொன்னதும் உண்மைதான்:

"பெரியவரே, ரொட்டி மட்டும் இல்ல. நானும் கவுந்துதான் இருக்கேன். அடுப்பு, ஜன்னல், பூனை எல்லாம் தலைகீழா இருக்கு பாருங்க. போன் அப்படி எடுத்திருக்கு."

இஸ்மானாலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களைப் பற்றிக் குழுவுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, டீச்சர். ஆசிரியர் எந்த நிலையில் தோன்ற வேண்டும் என்று விதியில் இல்லை. ரொட்டி சமாசாரம் வேற."

"இந்தக் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் திருப்பி வச்சுப் பார்த்தா..."

"கம்ப்யூட்டர் அரசாங்கச் சொத்து. எது எந்தப் பக்கம் பார்த்து இருக்கணும்னு பதிவேட்டில் ஏற்றியாச்சு."

நுராலி பெரியவர் அமைதியாகி உட்கார்ந்தார். உடனே இன்னொன்று அவருக்கு ஞாபகம் வந்தது. "ஏம்மா, நோன்பு மாசம். பட்டப்பகல்ல ரொட்டியா?"

"தின்னலை பெரியவரே. வகுத்தேன்."

"வகுத்ததைப் பார்த்து எனக்கே பசிக்குதே."

பெர்மெத் போனிலிருந்து தலை நிமிர்த்தினாள். "எனக்கு ஒரு சின்னக் கருத்து, அக்கா. விஷயம் நல்லா இருக்கு. ஆனா ஒரு துள்ளல் இல்ல. இப்ப எல்லா வீடியோலயும் பின்னாடி அருவி ஓடுது, தலைக்கு மேல நட்சத்திரம் சுத்துது. வெறும் சமையலறையைப் பிள்ளைங்க பார்ப்பாங்களா?"

"பிள்ளைங்க சமையலறையிலதான் இருக்காங்க, தங்கச்சி" என்றாள் கனிஷாய்.

வீடியோ கடைசிக்கு வந்தது. தலைகீழ்க் கனிஷாய் தலைகீழ் ரொட்டித் துண்டுகளை எண்ணி, "ஆறு" என்றாள். நுராலி பெரியவரின் தாடி நிமிர்ந்தது.

"ஆறு பேரும் வீட்டு ஆளுங்களா?"

"யாரா இருந்தா என்ன பெரியவரே, ஆறு பங்கு."

"விருந்தாளிக்கு?"

சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நிற்கிறவரை எங்கள் பக்கம் ஆண்டவன் விருந்தாளி என்பார்கள். அவருக்குப் பங்கு வைக்காத வீட்டை வீடு என்றே சொல்ல மாட்டார்கள்.

"ஐயா, இது கணக்கு" என்றாள் கனிஷாய்.

"கணக்குன்னா மரியாதை வேண்டாமா? இருக்கிற ரொட்டி முழுக்க வீட்டு ஆளுக்கே பங்கு போட்டுட்டு, வர்றவன் முகத்துல எப்படி முழிக்கிறது? இதைத்தான் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றீங்களா?"

இஸ்மானாலி மெல்லத் தலையசைத்தார். பேனாவை எடுத்தார். ஒரு அதிகாரி பேனாவை எடுத்துவிட்டால் அதன் பிறகு அதை வெறுமனே கீழே வைக்க மாட்டார். "பெரியவர் கேள்வி நியாயமானது. குழு கீழ்க்கண்டவாறு திருத்துகிறது. வீட்டாருக்கு ஐந்து. விருந்தாளிக்கு ஒன்று. ஆகவே விடை ஐந்து."

"விருந்தாளி வரலேன்னா?" என்று பெர்மெத் கேட்டாள். பயிற்சியில் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"வராத விருந்தாளியின் பங்கு துணியில் சுற்றி வைக்கப்படும்" என்று எழுதினார் இஸ்மானாலி. பிறகு மொத்தமாக வாசித்தார்: "முக்கால் வகுத்தல் அரைக்கால் சமம் ஐந்து, மீதி ஒன்று, துணியில்."

கனிஷாய் ஒரு அடி முன்னால் வந்தாள். "அப்ப பரீட்சையில ஒரு பிள்ளை ஆறுன்னு எழுதினா?"

"தவறு."

"ஐந்துன்னு எழுதி, துணியை எழுதாம விட்டா?"

இஸ்மானாலி யோசித்தார். இரக்கமுள்ளவர். "பாதி மதிப்பெண் போடலாம்."

திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் காரின் சக்கரங்களுக்கு மருந்தடித்தார்கள். கனிஷாய் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெருநாளுக்குப் பதினைந்து நாள் இருந்தது.

இரண்டாவது வீடியோவை மாவட்டமே வந்து எடுத்தது. மொத்தம் இருபது நிமிஷம் இருக்க வேண்டும், ஒரு விநாடி கூடக் கூடாது என்பது விதி. கெங்கேஷ் ஐயா எழுந்து நின்று வரவேற்புரை சொன்னார், நாலு நிமிஷம். நுராலி பெரியவர் இரண்டு கைகளையும் ஏந்தி, பாடத்துக்கும் ரொட்டிக்கும் மாவட்டத்துக்கும் ஆசி வழங்கினார், ஐந்து நிமிஷம். இஸ்மானாலி ஒளிப்பதிவுப் பாடத்தின் அவசியம் குறித்து உரையாற்றினார், ஏழு நிமிஷம். பெர்மெத் நட்சத்திரங்களையும் அருவியையும் இரண்டரை நிமிஷம் ஓடவிட்டாள். மீதி ஒன்றரை நிமிஷம் கனிஷாய்க்கு. அதிலும் பின்னணியில் அருவி இரைச்சல் போட்டதில் அவள் சொன்னது காதில் விழவில்லை. விழாமல் போனது நல்லதுக்கு என்று அவள் ஷாயிர்குல்லிடம் சொன்னாள். "ஐந்து" என்று அவள் வாய் சொல்லத் தயங்கிய இடத்தில் சரியாக ஒரு நட்சத்திரம் வந்து மூடிக்கொண்டது.

ரொட்டி மட்டும் நேராக இருந்தது.

அந்த வீடியோவுக்கு மாவட்ட அளவில் முதல் பரிசு கிடைத்தது. ஒப்புதல் பெற்ற எல்லா ஆவணமும் முத்திரையிடப்பட வேண்டும் என்பது பழைய விதி. வீடியோ இருந்த குட்டி பென் டிரைவில் வட்ட முத்திரை குத்த இடம் போதவில்லை. அதனால் அதை உறையில் போட்டு, உறையை நூலால் தைத்து, நூல்முடிச்சு மேல் முத்திரை குத்தி, இரும்புப் பெட்டகத்தில் வைத்தார்கள்.

"எப்ப பிள்ளைங்களுக்கு அனுப்புவீங்க ஐயா?" என்று கனிஷாய் கெங்கேஷ் ஐயாவின் தொழுவத்துப் புல்போர் மேலிருந்து போன் பண்ணிக் கேட்டாள்.

"முத்திரையை உடைச்சாத்தானே எடுக்க முடியும்?" என்றார் இஸ்மானாலி. "அரசு முத்திரையை உடைக்கிறது குற்றம், டீச்சர். உங்களுக்குத் தெரியாததா?"

வீடியோ வரவில்லை என்றாலும் விடை வந்தது. கடைக் கதவில், முகக்கவசம் அணிக என்ற தாளுக்குப் பக்கத்தில், முத்திரையோடு: "3/4 ÷ 1/8 = 5. மீதி 1 (துணியில்)."

சர்க்கரை வாங்க வந்த எல்லோரும் படித்தார்கள். "பார்த்தீங்களா, அரசாங்கமும் விருந்தாளியை நினைக்குது" என்றார் ஒருவர். "எங்க காலத்துல இதையெல்லாம் யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றார் இன்னொருவர். பல வருஷம் கணக்கு எழுதின கடைக்காரர்கூட "சரியாத்தான் இருக்கும், முத்திரை இருக்கே" என்றார். பரிசுச் செய்தி போனில் வந்தபோது ஊரே புல்போர் மேல் வரிசையாக ஏறி நன்றாக இருக்கிறது என்று போனில் கட்டைவிரல் படத்தைத் தட்டி இறங்கியது. நானும் ஏறினேன். பொய் சொல்லி என்ன செய்யப் போகிறேன். ஏற்றிவிட்டது என் மகன்.

பெருநாளுக்கு மூன்று நாள் முன்னால் ஊல்ஜான் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். கையில் பால் வாளி.

"டீச்சர், கடைக் கதவுல அஞ்சுன்னு போட்டிருக்கு."

"பார்த்தேன் கண்ணு."

"ஆறுதானே?"

கனிஷாய் நோன்பு இருந்தாள். நோன்பு வாயால் பொய் சொல்ல முடியாது. ஆறு என்று எழுதச் சொன்னால் பெண் தேறாது, தேறாவிட்டால் செப்டம்பரில் கீழே வராது. ஐந்து என்று சொல்லிக் கொடுத்தால் பெண் கீழே வரும், ஆனால் கணக்கு அவளோடு வராது. வேலியில் காயப்போட்டிருந்த துணி ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றாள்.

"ரொட்டி பொய் சொல்லாது கண்ணு. யாரு கேட்டாலும் ரொட்டியைக் கையில எடுத்துப் பிய்ச்சுப் பாரு. பார்த்ததைச் சொல்லு. மத்தது ஆண்டவன் கையில."

"சரி டீச்சர்" என்று ஊல்ஜான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எந்தக் கவலையும் அவள் முகத்தில் இல்லை. கனிஷாய் அன்று நோன்பு திறந்தபோது இரண்டு மடக்குத் தேநீருக்கு மேல் இறங்கவில்லை.

பெருநாள் முடிந்த மறுநாள் காலை. சாத்தார் வீட்டு வாசலில் லாரி நின்றது. கூடாரத்துக் கம்புகள், கம்பளிப் பாய்கள், பாத்திரங்கள், கோழிக் கூண்டு எல்லாம் ஏற்றியாயிற்று. மேலே போவதற்கு முன் ஊல்ஜானை வீட்டிலேயே பரீட்சை எழுத வைக்கத் தாளோடு கனிஷாயும், வாசலுக்கு மருந்து அடிக்க ஷாயிர்குல்லும் வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மாவட்டக் கார் வந்து நின்றது. கள ஆய்வாம். முன்னறிவிப்புக் கொடுத்தால் அது ஆய்வு ஆகாதாம். இஸ்மானாலி, நுராலி பெரியவர், பெர்மெத், ஓட்டுநர் எல்லோரும் இறங்கினார்கள்.

சொல்லாமல் வந்தவர்கள். ஊல்ஜானின் அம்மா வேறு என்ன செய்வாள்? லாரியில் ஏற்றின துணியையும் தாழ்ந்த மேசையையும் இறக்கி விரித்தாள். வெண்ணெய், ஜாம், தேநீர், மலையில் முதல் நாளைக்கு என்று சுட்டு வைத்திருந்த ஒரே ஒரு வட்ட ரொட்டி.

"எழுத்துத் தேர்வு வேண்டாம்" என்றார் இஸ்மானாலி, கையிலிருந்த ஃபைலைத் திறந்துகொண்டே. "குழுவின் முன்னிலையில் வாய்மொழியாகவே கேட்டுவிடலாம். முதல் பரிசு பெற்ற பாடம் அல்லவா. சொல்லும்மா. முக்கால் ரொட்டி. ஆளுக்கு அரைக்கால். வீட்டில் எத்தனை பேருக்கு வரும்?"

சாத்தார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு லாரிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றார். கனிஷாய் உள்ளுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள்.

ஊல்ஜான் கையைக் கழுவினாள். ரொட்டியை எடுத்தாள். "இது முழுசா இருக்கு. முக்கால்தானே கேட்டீங்க" என்று கால் பங்கைப் பிய்த்து அம்மாவிடம் கொடுத்தாள். மீதியைத் துண்டு துண்டாகப் பிய்த்துத் துணியில் வரிசையாக வைத்தாள், எல்லாம் நேராக. ஆறு துண்டு. கனிஷாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊல்ஜான் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "இது தாத்தாவுக்கு. இது மாமாவுக்கு. இது அக்காவுக்கு. இது ஓட்டுற மாமாவுக்கு." மீதியைப் பார்த்தாள். "எங்களுக்கு ரெண்டு. விடை ரெண்டு."

இஸ்மானாலி ஃபைலைப் பார்த்தார். ரொட்டியைப் பார்த்தார். "ஐந்து என்றல்லவா இருக்கிறது?"

"அது ஒரு விருந்தாளி வந்தா, மாமா. நீங்க நாலு பேர் வந்திருக்கீங்களே. கடைக் கதவுல இருக்கறதை நல்லாப் படிச்சிட்டேன்."

"மீதி... துணியில்?"

"விருந்தாளி வந்து உட்கார்ந்தாச்சு. துணியில எதுக்கு சுத்தறது? சாப்பிடுங்க மாமா."

நுராலி பெரியவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இதுதான் வளர்ப்பு! கணக்குன்னா இதுதான் கணக்கு!" என்று ரொட்டியை நெற்றியில் ஒற்றி வாயில் போட்டார். இஸ்மானாலி நெடுநேரம் விரல் விட்டு எண்ணினார். விருந்தாளியைக் கழிக்க வேண்டும் என்ற விதி அவருடையது. நாலு விருந்தாளி உட்கார்ந்திருப்பதை மறுக்க முடியாது, நாலில் ஒருவர் அவரே. முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்து வைத்து, முத்திரையை வாயால் ஊதிக் குத்தினார்.

சாத்தார் சக்கரத்திலிருந்து நிமிர்ந்தார். "அப்ப தேறிட்டாளா?"

"மேன்மையுடன்" என்றார் இஸ்மானாலி. "பெண்ணே, எல்லாம் எங்கள் வீடியோவைப் பார்த்துத்தானே கற்றுக்கொண்டாய்?"

"ஆமா மாமா."

பெர்மெத் அவர் காதருகே குனிந்தாள். "ஐயா, அது பெட்டகத்துல இருக்கு. யாரும் பார்க்கல."

"எங்க டீச்சர் தலைகீழா இருப்பாங்களே, அந்த வீடியோ" என்றாள் ஊல்ஜான். ஷாயிர்குல் மருந்துக் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். வீடு வீடாக மருந்தடிக்கப் போனபோது அவள் எல்லாப் பிள்ளைகள் வீட்டுப் போனுக்கும் அதைப் புளூடூத்தில் கொடுத்திருந்தாள், முதல் வாரத்திலேயே. கனிஷாயிடம்கூட மூச்சு விடவில்லை.

"தலைகீழ் வீடியோவை எப்படிப் பார்த்தீங்க?" என்று பெர்மெத் நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டாள்.

"போனைத் திருப்பிப் பிடிச்சோம்."

கூண்டுக்குள் கோழி ஒன்று கொக்கரித்தது. பிறகு இஸ்மானாலி மெதுவாகப் பேனாவை எடுத்தார்.

காரில் ஏறும்போது ஓட்டுநர் திரும்பி நின்றார். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர். "பாப்பா, ஒரு சந்தேகம். நாங்க யாருமே வராம இருந்திருந்தா, விடை என்ன?"

"ஆறு மாமா" என்றாள் ஊல்ஜான். "நீங்க யாரும் வரலேன்னா எப்பவும் ஆறுதான்."

ஓட்டுநர் ரொம்ப நேரம் சிரித்தார் என்றும், முதல் சோதனைச் சாவடி தாண்டும் வரை காருக்குள் வேறு யாரும் சிரிக்கவில்லை என்றும் பிற்பாடு அவரே வந்து ஷாயிர்குல்லிடம் சொன்னாராம்.

செப்டம்பரில் ஊல்ஜான் மலையிலிருந்து கீழே வந்தாள். கன்னம் இரண்டும் வெயிலில் கருத்திருந்தது. அவளோடு கூடவே கடைக் கதவுக்குப் புது உத்தரவும் வந்தது. "தலைகீழ் ஒளிப்பதிவு முறையின் மூலம் மாணவர்கள் கருவியைத் தாமே திருப்பிப் பிடிக்கும் திறன் பெறுவது கள ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளமையால், இனி எல்லா ஆசிரியர்களும் தலைகீழாகவே ஒளிப்பதிவு செய்யப்படுவர். ரொட்டி மட்டும் நேராக இருத்தல் வேண்டும்." ஒரே படத்தில் ஆசிரியர் தலைகீழாகவும் ரொட்டி நேராகவும் இருப்பது எப்படி என்று கெங்கேஷ் ஐயா எழுந்து நின்று மூன்று நாள் யோசித்தார். கடைசியில் உடற்பயிற்சி அறையில் இருந்த கம்பியில் கனிஷாயைக் கால் மாட்டித் தொங்கச் சொல்லலாமா என்று கேட்டார். கனிஷாய் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதோடு அந்தப் பேச்சு விட்டுப்போயிற்று.

ஷாயிர்குல் இவ்வளவும் சொல்லி முடித்து, கரண்டியால் எண்ணெயைக் கிளறிக்கொண்டே என்னைக் கேட்டாள்: "சரி, நீ சொல்லு. முக்காலை அரைக்காலால வகுத்தா எத்தனை?"

எனக்கு வாயில் விடை இருந்தது. அவள் சொல்லி முடித்த கதைதானே. ஆனாலும், என்னை அறியாமல் தலையைத் திருப்பி வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் பார்த்ததை இரண்டு பேரும் பார்த்துவிட்டோம். அடுப்பில் ஒரு துண்டு கருகிப் போயிற்று.

இப்போது இதைக் கேட்டுக்கொண்டே நீங்களும் வாசல் வரை வந்துவிட்டீர்கள், சொல்லாமல் கொள்ளாமல். உள்ளே வந்து உட்காருங்கள். அந்த ஆறாவது பங்கு உங்களுடையதுதான், எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட மீதியைத் துணியில் வைக்கும்போது மட்டும், கவிழ்க்காமல் நேராக வையுங்கள்.